காலிமுகத்திடலிலிருந்து பொல்துவைச் சந்தி வரை

மஸ்கெலியாவில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்சம்பளம் எங்கே தீர்மானமாகிறது என்று கேட்டால் பலர் ஹட்டனைச் சொல்வார்கள், சிலர் நுவரெலியாவைச் சொல்வார்கள். கிருலப்பனையில் குடியிருக்கும் எங்களுக்கு அந்த இடம் நடந்து போகிற தூரம். ஹைலெவல் வீதி பேஸ்லைன் வீதியைச் சந்திக்கும் இடத்திலிருந்து வடக்கே திரும்பினால் நாரஹேன்பிட்டி. அங்கே 'மெஹெவர பியச' என்ற உயரமான மாடிக் கட்டிடத்தில் தொழில் அமைச்சும் தொழில் திணைக்களமும் இருக்கின்றன. சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம் 1941இல் வந்தது. அதை நடத்துவது இந்தத் திணைக்களம். தொழிற்சங்கத்தார், முதலாளிமார் தரப்பினர், அமைச்சர் நியமிக்கும் சிலர் ஆகிய மூன்று தரப்பாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாதாடுவார்கள், வாக்கெடுப்பார்கள், கடைசியில் ஒரு தொகையைச் சொல்வார்கள். அந்தத் தொகை வர்த்தமானியில் ஏறினால்தான் மலையில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகிறவளுக்குச் சம்பளம் கூடும்.

அந்த மலையின் பிள்ளைகள் நிறையப் பேர் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். கிருலப்பனை, பாமன்கடை, வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நாலைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, காலி வீதிச் சேலைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். பெண்கள் வீடுகளில் சமையலுக்கும் பிள்ளை பார்க்கவும் வருகிறார்கள். மாதக் கடைசியில் ஊருக்குக் காசு அனுப்புகிறார்கள். அம்மா மலையில் பறிக்கிற கொழுந்துக்கு என்ன விலை என்பது, தங்கள் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது என்று இவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே இவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுத்து, மகஜர் எழுதுகிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள், பாராளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகத்துக்குப் போன் எடுக்கிறார்கள். எந்தக் கட்சியும் இதற்குச் சம்பளம் கொடுப்பதில்லை. ஏழையின் வழக்கைச் சட்டம் செய்கிறவரின் மேசைக்குக் கொண்டுபோகும் இந்த வேலை கொழும்பில் நூறு ஆண்டுகளாக நடக்கிறது. அன்று அது எப்படி நடந்தது, இன்று எப்படி நடக்கிறது என்று அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

1927 டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் என்று ஒன்று தொடங்கியது. அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க டொனமூர் ஆணைக்குழு அப்போதுதான் இலங்கைக்கு வந்திருந்தது. சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா. சாட்சியம் சொல்லப் போனவர்கள் எல்லோரும் கொழும்பின் வசதியான வீட்டுப் பெண்கள். ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள், காரில் வந்து இறங்கக்கூடியவர்கள். ஆணைக்குழு அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டது: தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்க் கூலிப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா? அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அக்னஸ் டி சில்வா தயங்காமல் பதில் சொன்னார். அந்தக் காலத்துக் கொழும்பு மாளிகைகளில் யாரும் எதிர்பார்த்திராத பதில் அது. ஆண்களுக்கே சர்வஜன வாக்குரிமை கூடாது என்று பெரிய மனிதர்கள் பலர் அதே ஆணைக்குழுவின் முன் வாதாடிக்கொண்டிருந்தார்கள். 1931 தேர்தலில் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆணும் பெண்ணும் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார்.

ஆனால் தோட்டத்துப் பெண் அந்த அறையில் இருக்கவில்லை. அவளுக்காக வேறொருத்தி பேசினாள், நன்றாகவே பேசினாள். அந்தக் கால முயற்சிகளை நினைக்கும்போதெல்லாம் நன்றியும் வருத்தமும் எனக்கு ஒன்றாகவே வருகின்றன.

கோதண்டராம நடேசய்யர் வேறு வகை. தஞ்சாவூர்க்காரர், பத்திரிகையாளர். கொழும்பில் 'தேசநேசன்', பிறகு 'தேசபக்தன்' என்று தமிழ்ப் பத்திரிகைகளை நடத்தினார். வெளியாட்கள் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாத காலம் அது. தோட்டத் துரையின் அனுமதி இல்லாமல் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. அய்யர் புடவை வியாபாரி போலத் துணி மூட்டையோடு தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்து வந்தார் என்று மலையக வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். பார்த்ததைத் துண்டுப் பிரசுரமாகவும் பத்திரிகையிலும் எழுதினார், பிறகு சட்டசபைக்கே போய்ப் பேசினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டெழுதி அச்சிட்டுத் தொழிலாளர் கூடும் இடங்களில் தானே பாடினார். எழுத்து வாசிக்கத் தெரியாத சனத்துக்குச் சட்டத்தைக் கொண்டுபோக அன்று பாட்டைவிட நல்ல வழி கிடையாது. சட்டசபையில் கணவர், சனத்தின் நடுவில் மனைவி. இன்றைக்கும் இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த இரண்டு பேரை நான் முதலில் காட்டுவேன்.

அந்தக் காலத்தின் பெரிய வெற்றி 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். சிறுவருக்கும் ஒரு விகிதம் சட்டத்திலேயே இருந்தது என்பதைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் வந்ததில் இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலுக்குப் பெரிய பங்கு உண்டு. தொழிலாளர்களை அனுப்பும் நாடு நிபந்தனை போட்டது, தோட்ட முதலாளிகள் இறங்கி வந்தார்கள். இங்கே இருந்தவர்கள் எழுப்பிய சத்தமும் அந்த நெருக்குதலும் சேர்ந்தபோதுதான் காரியம் நடந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் மலையகமே வேலைநிறுத்தம் செய்த பிறகு.

நடுவில் ஒரு பெரிய இருட்டு. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டு பிரசாவுரிமைச் சட்டம், அதற்கடுத்த ஆண்டு தேர்தல் திருத்தச் சட்டம். இலட்சக்கணக்கான மலையகத் தமிழரின் வாக்கு ஒரேயடியாகப் போனது. வாக்கு போனால் எம்.பி.யும் போகிறார். மகஜர் எழுதலாம், யாருக்கு எழுதுவது? வாக்கில்லாதவனின் கடிதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் எந்த உறுப்பினருக்கும் இல்லை.

1952 ஏப்ரல் 28ஆம் திகதி அந்தக் காங்கிரஸின் சௌமியமூர்த்தி தொண்டமான் தலைமையில், பறித்த உரிமையைத் திருப்பிக் கேட்டுச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பாராளுமன்றம் அப்போது காலிமுகத்திடலின் தலைப்பில், இன்று ஜனாதிபதி செயலகமாக இருக்கும் கற்கட்டிடத்தில் இருந்தது. பிரதமர் அலுவலகத்தின் முன்னால் ஏறக்குறைய 140 நாட்கள் அந்த உட்காருகை நீடித்தது. தலவாக்கலை உறுப்பினராக இருந்த கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையும் அதில் பங்கெடுத்தார். அந்தப் பாராளுமன்றம் கலைக்கப்பட்டுப் புதுத் தேர்தல் நடந்த நேரம் அது. மலையகத் தமிழர் பெரும்பாலோர் வாக்களிக்க முடியாத முதலாவது பொதுத் தேர்தல். சத்தியாக்கிரகத்தால் சட்டம் மாறவில்லை. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 1952இல் கைக்குழந்தையாக இருந்தவர் அப்போது ஐம்பது வயதைக் கடந்திருப்பார்.

தோற்றுப்போன போராட்டம் என்று அதைச் சிலர் ஒதுக்குவார்கள். நான் ஒதுக்க மாட்டேன். சட்டம் செய்கிறவர் காலையில் அலுவலகத்துக்கு வரும்போதும் மாலையில் திரும்பும்போதும் அந்த மனிதர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த இடம் அப்படி அமைந்திருந்தது. கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கினால் நடந்து போய்விடலாம். கறுப்பு அங்கி போட்டவனும் வெறுங்காலில் வந்தவனும் ஒரே வீதியில் நடந்த காலம்.

1982 ஏப்ரலில் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டைக்குப் போனது. ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கட்டிடம், தியவன்னா ஓயாவின் நடுவில் தீவு போல. பார்க்க அழகு, மறுக்க மாட்டேன். ஆனால் நாலு பக்கமும் தண்ணீர். கிருலப்பனையிலிருந்து நாவலை வழியாகப் போனால் தூரம் ஒன்றும் அதிகமில்லை, ஆனாலும் சாதாரண சனம் பொல்துவைச் சந்தி வரைக்கும்தான் போகலாம். அங்கே பொலிஸ் தடுப்பு. 2022 ஜூலையில் அரகலயப் போராட்டக்காரர்கள் கண்ணீர்ப்புகை வாங்கியதும் அந்தச் சந்தியில்தான்.

தூரத்தை இன்னொரு வகையிலும் கூட்டிவிட்டார்கள். முன்பு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். அவரது வீடு தெரியும், மனைவியின் பெயர் தெரியும், கோயில் திருவிழாவில் கையைப் பிடிக்கலாம். 1978 அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசார முறையில் 1989இலிருந்து தேர்தல் நடக்கிறது. கொழும்பு மாவட்டம் முழுவதற்கும் சேர்த்துப் பதினெட்டிலிருந்து இருபது பேர் வரை. கிருலப்பனைக்கு என்று பொறுப்பான ஒருவர் யார்? எல்லோரும்தான், ஆகவே யாரும் இல்லை. சிறுபான்மைக் கட்சிகளுக்கு விகிதாசாரம் நன்மை செய்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மலையகக் கட்சிகள் கொழும்பிலும் உறுப்பினர் பெற்றது அதனால்தான். ஆனாலும் கால்வாய் ஓரத்துக் குடிசையிலிருந்து மாடி வீட்டுக்கு மாற்றப்பட்ட குடும்பம் தண்ணீர்ப் பிரச்சினைக்கு யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்பதைக் காணும்போது, இழந்ததும் தெரிகிறது.

உறுப்பினர் யார் என்று தெரியாத நிலை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் சாம் டேலி ஹாரிஸ் என்ற ஆசிரியர் 1970களின் கடைசியில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் உலகப் பசியைப் பற்றிப் பேசினார். உங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் பெயர் தெரியுமா என்று ஏறக்குறைய ஏழாயிரம் மாணவர்களிடம் கேட்டார். இருநூறு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த அதிர்ச்சியில் 1980இல் 'ரிசல்ட்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். வீட்டுப் பெண்கள், ஓய்வுபெற்றவர்கள், மாணவர்கள் மாதந்தோறும் கூடுவார்கள். ஒரு விடயத்தை நன்றாகப் படிப்பார்கள், எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து தங்கள் உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவார்கள், பத்திரிகை ஆசிரியர்களைப் போய்ப் பார்ப்பார்கள். எங்கோ ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருக்கிற பிள்ளைக்குத் தடுப்பூசிக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று தங்கள் அரசாங்கத்தை நச்சரிப்பதுதான் வேலை. 1990இல் உலகம் முழுக்க ஐந்து வயதுக்கு முன்னே இறந்த குழந்தைகள் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேல். 2022இல் அந்தத் தொகை ஐம்பது இலட்சத்துக்குக் கீழே வந்தது. தடுப்பூசி, உப்பும் சீனியும் கலந்த நீர், சுத்தமான தண்ணீர் என்று காரணம் பல. அவற்றுக்கு வேண்டிய பணத்தை வரவு செலவுத் திட்டங்களில் ஏற்றிய கைகளில் இந்தத் தொண்டர்களின் கையும் ஒன்று.

வேறு நாட்டு ஏழைக்காகப் பேசியவர்கள் இவர்கள் மட்டுமல்ல. 1998 மே 16ஆம் திகதி பேர்மிங்காமில் ஜி-8 தலைவர்கள் கூடியபோது எழுபதாயிரம் பேர் நகரத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்பது அவர்களது கோரிக்கை. பெரும்பாலும் தேவாலயத்துச் சனம். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்தபோது கடன் நம்மைத் தொடாத விடயம் என்றுதான் இலங்கையில் பலர் நினைத்தார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று இலங்கை அறிவித்தது. கிருலப்பனைச் சந்தியிலேயே காஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசை வீதி வீதியாக நீண்டது. வேறொரு நாட்டு உறுப்பினரின் மேசையில் கிடக்கிற காகிதம் நம் வீட்டு அடுப்பைத் தொடும் என்று அன்றைக்குப் புரிந்தது.

இன்றைக்கு வருகிறேன். 2018 அக்டோபர் 24ஆம் திகதி காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் கூடினார்கள். தோட்டத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும். அப்போது அடிப்படைச் சம்பளம் ஐந்நூறு. அழைத்தது எந்தத் தொழிற்சங்கமும் இல்லை. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் செய்தி பரவியது. பலர் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறவர்கள், முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டு வந்தவர்கள். 1952இல் தாத்தாமார் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பேரப்பிள்ளைகள் வந்து நின்றார்கள், தங்களுக்காகக் கூட இல்லை, அம்மா அப்பாவுக்காக. பாராளுமன்றம் அங்கிருந்து போய் முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதுதான் வித்தியாசம்.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இந்த வேலையின் நீளம் தெரியும். 2019 ஜனவரியில் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் நேரடியாகச் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் எழுநூறு ரூபாயில் நின்றது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் வந்தது. ஆயிரம் வந்து சேர்ந்த அடுத்த ஆண்டே ரூபாய் விழுந்து, மாவு விலை ஏறி, அந்த ஆயிரத்துக்கு முன்பு வாங்கியதில் பாதியைக் கூட வாங்க முடியவில்லை. 2024 மே தினத்தில் 1700 என்று அறிவித்தார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் 1350 என்று முடிந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1550 சம்பளமும், அரசாங்கம் தரும் 200 ரூபாய் வரவுக் கொடுப்பனவும் சேர்த்து 1750 என்று சொல்லப்பட்டது. கூட்டத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு 2018இல் இருபது வயது என்றால் இப்போது கலியாண வயது தாண்டுகிறது. கூட்டம் கூடுவது ஒரு நாள். வர்த்தமானி, ஆட்சேபனைக் காலம், நீதிமன்றம், மறுபடி வர்த்தமானி என்று காகிதத்தின் பின்னால் நடப்பது ஆண்டுக்கணக்கு. இந்தத் தலைமுறை கற்றுக்கொண்டது அந்த நடையைத்தான்.

ஊருக்குப் போனால் வயதான அக்காமார் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஏந் தம்பி, கடுதாசி குடுத்தா சம்பளம் கூடுமா?" அவர்களுக்கு நான் சொல்லும் பதில் சம்பளத்தைப் பற்றியதல்ல, ஒரு சட்டப் பிரிவைப் பற்றியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் வீதி போட, தண்ணீர் கொடுக்க, பிரதேச சபைக்கு அது தடையாக நின்றது. தோட்டத்துச் சனம் வாக்குப் போட்டு உறுப்பினரைத் தெரிவு செய்யும், அந்த உறுப்பினரால் தன் சொந்த லயத்துக்கு முன்னால் ஒரு கொங்கிரீட் வடிகால் கூடக் கட்ட முடியாது. கண்டியிலும் ஹட்டனிலும் இருந்த சமூக அமைப்புகள் ஆண்டுக்கணக்காக இந்த ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டு தொங்கின. உறுப்பினர்களிடம் போய், அமைச்சர் மாறும்போதெல்லாம் மறுபடி முதலிலிருந்து விளக்கினார்கள். 2018இல் அது திருத்தப்பட்டது. எந்தத் தொலைக்காட்சியும் அதைப் பெரிதாகக் காட்டவில்லை. காலிமுகத்திடல் கூட்டம் நடந்த அதே ஆண்டு. என்னைக் கேட்டால் அந்த ஆண்டில் மலையகத்துக்குக் கிடைத்த பெரிய வெற்றி இந்த 33ஆம் பிரிவுதான்.

2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு. தலைமன்னாரில் தொடங்கி மாத்தளை வரை, அன்று கோப்பித் தோட்டத்துக்குக் கால்நடையாகப் போனவர்களின் தடத்திலேயே, ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் 12 வரை நடந்தார்கள். மன்னார் மீனவரும் மதவாச்சிச் சிங்கள விவசாயியும் வழியில் தண்ணீர் கொடுத்தார்கள், சேர்ந்தும் நடந்தார்கள். கையில் பதினொரு கோரிக்கைகள். காணி, வீடு, சமமான அரச சேவை, தனித்துவமான மக்களாக அங்கீகாரம். அந்தப் பதினொன்றையும் கட்சிகளின் தேர்தல் விஞ்ஞாபனங்களுக்குள் நுழைக்கும் வேலை பிறகு நடந்தது. 2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அந்தச் சபைக்குத் தெரிவானது அதுவே முதல் தடவை. டொனமூர் ஆணைக்குழுவின் முன் அக்னஸ் டி சில்வா வேறொருத்திக்காகச் சொன்ன பதிலுக்கும் அந்தப் பெண்ணின் பேத்திமார் தாங்களே எழுந்து பேசுவதற்கும் இடையில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. அன்று பேசியவர்களைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் தன் வழக்கைத் தானே சொல்லும்போது குரலில் வருகிற உறுதி இரவல் குரலில் ஒருபோதும் வராது.

கிருலப்பனைக்குள்ளேயே இன்னும் குரல் வராத ஒரு கூட்டம் இருக்கிறது. வீட்டுப் பணிக்கு வந்த பெண்கள். தேயிலைக்குச் சம்பள நிர்ணய சபை இருக்கிறது, இவர்களுக்கு இல்லை. வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1871இல் வந்தது, அதன் நோக்கம் எஜமானைக் காப்பது. வீட்டுப் பணியாளருக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189ஆம் இலக்கச் சமவாயம் 2011இல் நிறைவேறியது. பத்தாண்டு கழிந்த பிறகும் இலங்கை அதை உறுதிப்படுத்தாமலே இருந்தது. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி, கொழும்பில் வேலை செய்த வீட்டிலிருந்து தீக்காயங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய் இறந்தாள். நாடே கொதித்தது. ஆர்ப்பாட்டங்கள் நடந்தன, பாராளுமன்றத்தில் பேச்சும் நடந்தது. கொதிப்பு அடங்கியது. செங்கொடிச் சங்கத்தின் மேனகா கந்தசாமி போன்றவர்கள் வீட்டுப் பணியாளருக்கென்று தனிச் சங்கம் கட்டி, கொதிப்பு அடங்கிய பிறகும் அதே கோரிக்கையோடு அமைச்சுகளுக்குப் போய் வருகிறார்கள். வேலை நேரம், வாராந்த ஓய்வு, ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.). மூன்றும் மிகச் சாதாரணமான கோரிக்கைகள். ஆனால் ஒரு பிரச்சினை: இந்தச் சட்டத்தைச் செய்ய வேண்டியவர்களின் வீடுகளிலும் வீட்டுப் பணியாளர் இருக்கிறார்கள்.

இன்றைய இளைஞரின் கையில் இருப்பவை அன்று நடேசய்யர் கனவிலும் காணாதவை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்தத் தோட்டத்தில் எத்தனை வீடு கட்டப் பணம் வந்தது, எவ்வளவு செலவானது என்று ஒரு கடிதத்தில் கேட்கலாம், அதிகாரி பதில் சொல்ல வேண்டும். சட்டமூலம் வர்த்தமானியில் வந்த அன்றே மூன்று மொழியிலும் போனில் வாசிக்கலாம். பொது மனுக்கள் குழுவுக்கு ஓர் உறுப்பினர் ஊடாக மனு கொடுக்கலாம். அய்யர் துணி மூட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போய் அறிந்ததை இன்று முத்திரை ஒட்டிய கடிதத்தில் அறியலாம்.

அன்றிருந்து இன்று இல்லாதது என்ன? மாதச் சந்தா. சதக் கணக்கில் சந்தா கட்டி, தோட்டக் கமிட்டி வைத்து, தலைவர் ஒருவர் போனால் இன்னொருவர் என்று தொடர்ந்து நடந்த கட்டுக்கோப்பு. 140 நாள் உட்கார்ந்திருக்க அந்தக் கட்டுக்கோப்பு வேண்டும். வாட்ஸ்அப் குழு ஒரே இரவில் ஐயாயிரம் பேரைச் சேர்க்கும், மூன்று மாதத்தில் அதில் காலை வணக்கப் படங்கள்தான் மிஞ்சும். தொழிற்சங்கங்கள் தேர்தல் கட்சிகளாகி, சந்தாப் பணத்துக்குக் கணக்குச் சொல்லாமல் சனத்தின் நம்பிக்கையை இழந்தது உண்மை. அதற்காகச் சங்கமே வேண்டாம் என்று பிள்ளைகள் முடிவு கட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரே இடம், ஒரே விடயம், பத்துப் பேர் போதும். ரிசல்ட்ஸ்காரர்கள் நாற்பது ஆண்டுக்கு மேல் செய்வது இவ்வளவுதான். வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க மண்டபம் இருக்கிறது, கோயில் மடங்கள் இருக்கின்றன. இடத்துக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். நம் பிள்ளைகள் மலைக்காக மட்டும் எழுதினால் போதுமா? லிர்ன்ஏசியா நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி இலங்கையில் நூற்றுக்கு 31 பேர் வறுமையில், தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 51 பேர். தோட்டத்தின் எண் கூடியது, ஆனால் அந்த 31இல் அம்பாந்தோட்டைச் சிங்கள விவசாயியும் முல்லைத்தீவு விதவையும் இருக்கிறார்கள். நுண்நிதிக் கடனில் சிக்கிய பெண்கள் 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் கேட்டதும் சட்டம் செய்கிறவர்களிடம்தான், கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று. அவர்களுக்காக எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு கடிதம் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். தோட்டத்துப் பெண்ணுக்காகப் பேசக் கொழும்பு மாளிகையிலிருந்து ஒருத்தி வந்தாள் என்றால், நம்மால் ஹிங்குராக்கொடைக்காகப் பேச முடியாதா?

சம்பளத்துக்கு அடுத்தது காணி. லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணி என்று 2015இலிருந்து பேச்சு நடக்கிறது. இந்திய உதவியில் நாலாயிரம் வீடு, பிறகு 2017இல் நோர்வூட்டுக்கு வந்த நரேந்திர மோடி அறிவித்த பத்தாயிரம் என்று கட்டுவதும் நடக்கிறது. வீடு கிடைத்தவர் பலருக்கு வங்கியில் காட்டக்கூடிய உறுதி கையில் வரவில்லை. பதினொரு கோரிக்கைகளில் காணியும் இருக்கிறது, காணி அமைச்சும் இருக்கிறது, பாராளுமன்றக் குழுவும் இருக்கிறது. எந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பத்துக்கு உறுதி கொடுத்தாயிற்று, எத்தனை பேருக்குப் பாக்கி, எந்தத் திகதிக்குள் முடியும் என்று தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுத வேண்டும். நானூற்றுக்கு மேல் தோட்டங்கள் இருக்கின்றன. ஒரு தோட்டத்துக்கு ஒரு கடிதம், அந்தத் தோட்டத்துப் பிள்ளையே எழுதட்டும், கிருலப்பனைத் தபாற்கந்தோரில் போடட்டும்.